நாலு வெள்ளித் தட்டின் வாடகைக் கணக்கு

சிங்கப்பூர் விலைவாசி ஏறிய ஊர் என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. கார் வாங்கும் உரிமைக்கு மட்டுமே ஒரு காரின் விலையைக் கொடுக்க வேண்டும். வாடகைக்கு வீடு தேடுபவர்கள் படும் பாட்டைக் கேட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் இதே ஊரில் வேலைக்குப் போகும் ஒருவர் மூன்று வேளையும் வெளியிலேயே சாப்பிட்டு, வீட்டில் அடுப்பையே பற்றவைக்காமல் காலம் தள்ள முடிகிறது. 2023-ல் கொள்கை ஆய்வுக் கழகம் 26 வட்டாரங்களில் 800-க்கும் மேற்பட்ட கடைகளில் விலை விசாரித்தது. காலை, மதியம், இரவு மூன்றுக்கும் சேர்த்து நாளுக்குச் சராசரியாக 17 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) ஒட்டி ஆகிறது என்று கணக்கு வந்தது. லண்டனிலோ நியூயார்க்கிலோ அந்தக் காசுக்கு ஒரு வேளை ஒழுங்காகச் சாப்பிடுவதே பெரும்பாடு. இங்கே ஒரு தட்டுக் கோழிச்சோறு இன்னமும் நாலைந்து வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதே சாலையில் நானூறு ஐந்நூறு வெள்ளிக்கு இரவு விருந்து பரிமாறும் உணவகமும் இருக்கும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பல இனங்கள் ஒன்றுகூடியதால் சமையலும் செழித்தது என்பது. சுற்றுலா விளம்பரத்துக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. பல இனங்கள் கலந்த பெருநகரங்கள் உலகில் எத்தனையோ இருக்கின்றன; அங்கெல்லாம் விதவிதமான சமையல் கிடைக்கிறது, ஆனால் எந்தப் பர்ஸோடு போனாலும் கிடைப்பதில்லை. சிங்கப்பூரில் கிடைக்கிறதென்றால் அதன் காரணத்தை அடுப்படியில் தேடிப் பயனில்லை, வாடகைச் சீட்டில் தேட வேண்டும். இந்த ஊரின் மலிவுச் சாப்பாடு அரசு எடுத்த ஒரு நில முடிவின் விளைவு. அந்த முடிவில் நல்லது எது, ஓட்டை எது என்று பார்த்தால்தான் இந்தத் தட்டு இன்னும் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும் என்று சொல்ல முடியும்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1960-களில் இந்த ஊரின் சாப்பாடு தெருவில்தான் இருந்தது. தள்ளுவண்டி, தலைச்சுமை, காவடிபோலத் தோளில் தொங்கும் இரண்டு கூடைகள். குழாய்த் தண்ணீர் இல்லாததால் ஒரே வாளித் தண்ணீரில் எல்லாத் தட்டையும் அலசுவார்கள். மிச்சமீதி சாக்கடைக்குப் போகும். 1968, 69-ல் அரசு தெருக்கடைக்காரர்களைப் பதிவுசெய்யத் தொடங்கியது; 1971 முதல் அவர்களை உணவங்காடி நிலையங்களுக்கு மாற்ற ஆரம்பித்து 1986-ல் முடித்தது. தெருவிலிருந்து கடைக்காரர்களை அப்புறப்படுத்தாத நகரம் எது? ஆனால் பெரும்பாலான நகரங்கள் அப்புறப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளும். இங்கே விரட்டிய கையோடு தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய், கூரை எல்லாம் உள்ள இடத்தைக் கட்டிக்கொடுத்து, அதற்குச் சொற்ப வாடகை வைத்தார்கள். 1966-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தால் நிலத்தின் பெரும்பகுதி அரசின் கைக்கு வந்திருந்தது. அதனால் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே, ஈரச்சந்தையோடு சேர்த்து, மக்கள் நடந்து போகிற தூரத்தில் இடம் ஒதுக்க முடிந்தது. நிலம் தனியாரிடம் இருந்திருந்தால் அந்த மூலையில் எது வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் இடம் மாற்றப்பட்டவர்களில் இன்னும் கடை நடத்துபவர்களுக்கு வாடகை மாதம் 320 வெள்ளியைத் தாண்டாது. பிறகு ஏலத்தில் எடுத்தவர்களின் வாடகை வேறு; அதில் நடுவாந்தரக் கடைக்காரர் மாதம் 1,250 வெள்ளி அளவில் கட்டுகிறார் என்று அரசு சொல்கிறது. 2012-ல் தேசியச் சுற்றுப்புற வாரியம் இரண்டு காரியம் செய்தது: ஏலத்துக்கு வைத்திருந்த குறைந்தபட்ச வாடகையை எடுத்துவிட்டது, கடையை உள்வாடகைக்கு விடுவதைத் தடுத்தது. இரண்டாவதுதான் பெரிய விஷயம் என்பேன். உள்வாடகை என்ற வழி திறந்திருந்தால், சமைக்காத ஒருவர் சமைக்கிறவரின் வருமானத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். கடை எடுத்தவரே அடுப்பில் நிற்க வேண்டும் என்ற விதி அந்த இடைத்தரகரை வெளியே அனுப்பியது. சென்னையில் 2013-ல் அம்மா உணவகம் தொடங்கி ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்தபோது, சமையலையே அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. சிங்கப்பூர் அரசு கரண்டியைத் தொடவே இல்லை. இடத்தை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு, ருசியைப் போட்டிக்கு விட்டுவிட்டது.

இந்த வாடகை தட்டில் எப்படி இறங்குகிறது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒரு தட்டு ஐந்து வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், மாதம் 26 நாள் கடை. 320 வெள்ளி வாடகை என்றால், வாடகைக்கென்று மாதத்தில் 64 தட்டு விற்றால் போதும். நாளுக்கு இரண்டு மூன்று. 1,250 வெள்ளி என்றால் நாளுக்குப் பத்துத் தட்டை ஒட்டி. 2024-ல் மரின் பரேடு உணவங்காடி நிலையத்தில் ஒரு கடைக்கு மாதம் 10,158 வெள்ளி என்று ஏலம் கேட்டார் ஒருவர். அவருக்கு வாடகைக்கு மட்டும் நாளுக்கு 78 தட்டு. அரிசிக்கு, கோழிக்கு, எரிவாயுவுக்கு, உதவியாளுக்கு, தனக்கு என்று எல்லாமே 79-ஆவது தட்டிலிருந்துதான் ஆரம்பம். மூன்று பேர் சமைப்பதும் ஒரே கோழியாக இருக்கலாம். மூன்றாமவர் ஒன்று விலையை ஏற்ற வேண்டும், அல்லது கோழித் துண்டை மெலிதாக வெட்ட வேண்டும்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் குறுக்கே வருவார்கள். கடைக்காரரின் மொத்தச் செலவில் பாதிக்கும் மேல் மூலப்பொருளுக்கே போகிறது, வாடகை எட்டில் ஒரு பங்கு அளவில்தான் என்று அரசின் ஆய்வே சொல்கிறதே, அப்புறம் வாடகையைத் தூக்கிப் பிடிப்பானேன் என்பார்கள். வாடகை எட்டில் ஒரு பங்காக அடங்கியிருப்பதே அதைக் கட்டி வைத்திருப்பதால்தானே! கட்டில்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் உள்ள காப்பிக்கடைகளில் பலவற்றைத் தனியார் வாங்கி விற்கலாம். 2022-ல் தெம்பனிஸ் வட்டாரத்தில் ஒரு காப்பிக்கடை 41.68 மில்லியன் வெள்ளிக்குக் கைமாறியது. காப்பி விற்று அந்தப் பணத்தை எடுக்க முடியாது. உள்ளே கடை போட்டிருக்கும் நூடுல்ஸ்காரர், பரோட்டாக்காரர், கலவைச் சோற்றுக்காரர் தரும் வாடகையிலிருந்துதான் எடுக்க வேண்டும். கொள்கை ஆய்வுக் கழகத்தின் கணக்கிலும் அந்த வரிசைதான் தெரிந்தது: உணவங்காடி நிலையம் மலிவு, காப்பிக்கடை அதற்கு மேல், குளிரூட்டிய ஃபுட் கோர்ட் எல்லாவற்றுக்கும் மேல். மூன்றிலும் சமைப்பவர்கள் ஒரே மாதிரி ஆட்கள், பொருளும் ஒரே மொத்தச் சந்தையிலிருந்து வருவது. மாறுவது நிலத்தின் சொந்தக்காரர்.

அரசு தன் பங்குக்கு ஒரு பெரிய பிழையும் செய்தது. 1986-க்குப் பிறகு 25 வருடம் புதிய உணவங்காடி நிலையமே கட்டவில்லை. அந்தக் காலத்தில் மக்கள்தொகை 27 லட்சத்திலிருந்து 51 லட்சத்துக்கு மேல் போனது. தெருச் சுகாதாரப் பிரச்சினை தீர்ந்தது, வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறார்கள். புதுப் பேட்டைகளில் குடியேறியவர்களுக்குக் காப்பிக்கடையும் கடைத்தொகுதியும்தான் கதி. 2011-ல்தான் மறுபடி கட்டப்போவதாக அறிவித்தார்கள். மலிவுச் சாப்பாடு தானாக விளைவதாக இருந்தால் அந்த 25 வருட இடைவெளியை யாராவது தனியார் நிரப்பியிருப்பார்கள். நிரப்பினார்கள்தான், தங்கள் வாடகையோடு.

வாடகைக்கு அடுத்தபடியாக விலையைக் குறைப்பது, வாடிக்கையாளர் தானே செய்துகொள்ளும் வேலை. உணவங்காடி நிலையத்தில் மேசைக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்கும் ஆள் கிடையாது. இடம் பிடிப்பது நம் வேலை; ஒரு பாக்கெட் டிஷ்யூவை மேசையில் போட்டுவிட்டுப் போனால் அந்த இடம் நம்முடையது என்று ஊரே ஒத்துக்கொள்கிறது. வரிசையில் நிற்பது, தட்டைச் சுமப்பது, எல்லாம் நாமே. 2021 செப்டம்பரிலிருந்து, சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை எடுக்கிறார்கள். நாற்காலி தரையோடு பதித்தது, மின்விசிறி தலைக்கு மேலே சுற்றும், வியர்வை நம்முடையது. உணவகத்தில் இந்த ஒவ்வொன்றுக்கும் பில்லில் ஒரு வரி இருக்கும். இங்கே அந்த வரிகளை நாமே செய்து கழித்துக்கொள்கிறோம்.

கடைக்காரர் பக்கத்தில் இதற்கு இணையான சிக்கனம், ஒரு கடை ஒரு பண்டம் என்பது. ஒரு சின்ன அறை அளவு இடத்தில் நாற்பது வகை சமைக்க முடியாது. அதனால் ஒன்றையோ இரண்டையோ முப்பது வருடம் சமைக்கிறார்கள். 2016-ல் மிஷலின் வழிகாட்டி முதல்முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் சோயா சாஸ் கோழி விற்ற ஒரு கடைக்கும், கிராஃபர்ட் லேனில் பன்றி நூடுல்ஸ் விற்ற ஒரு கடைக்கும் நட்சத்திரம் கொடுத்தது. முதல் கடையில் அப்போது ஒரு தட்டு இரண்டு வெள்ளியை ஒட்டி. அதிசயம் என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின. அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஒரே கோழியை ஆயுள் முழுக்கச் சமைப்பவர், பருவத்துக்குப் பருவம் பட்டியலை மாற்றும் சமையல்காரரைவிட அந்தக் கோழியை நன்றாகத்தானே சமைப்பார்?

பல இன நகரம் என்ற பேச்சும் இந்த அமைப்பில்தான் பொருள் பெறுகிறது. ஓர் உணவகத்துக்கு நாலு பேர் சேர்ந்து போனால், நாலு பேருக்கும் ஒத்துவரும் ஒரு சமையலறையைத் தேட வேண்டும். ஒருவருக்கு ஹலால், ஒருவர் மாட்டிறைச்சி தொடாதவர், ஒருவர் சைவம், இன்னொருவருக்குப் பன்றி இல்லாவிட்டால் சாப்பாடே இல்லை. கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக, யாருக்கும் பிடிக்காத ஓர் இடத்தில் போய் உட்கார்வார்கள். உணவங்காடி நிலையத்தில் எல்லை சமையலறைக்குத்தான், மேசைக்கு இல்லை. ஆளுக்கொரு கடையில் வாங்கி ஒரே மேசைக்கு வரலாம். தட்டு திருப்பி வைக்கும் இடத்தைக் கவனியுங்கள்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அடுக்குகள், ஒன்றில் ஹலால் என்று எழுதியிருக்கும், மற்றதில் ஹலால் அல்லாதவை. கழுவும் இடம் வரை தட்டுகள் கலப்பதில்லை. கலக்காமல் இருக்க இத்தனை ஏற்பாடு செய்ததால்தான் மனிதர்கள் கலந்து உட்கார முடிகிறது. மிகக் கட்டுப்பாடான சிலர் அந்த மேசையிலும் உட்கார மாட்டார்கள்; அது அவர்கள் விருப்பம். சைவக்காரர்களுக்கு ஒரு தகவல்: புத்த மரபில் சமைக்கும் சீனச் சைவக் கடைகளில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. அந்த விஷயத்தில் நம் உடுப்பி உணவகங்களைவிடக் கறார்.

பக்கத்துக் கடையில் என்ன விற்கிறது என்று பார்த்துப் பார்த்தே சில பண்டங்கள் பிறந்தன. மீ கோரெங் என்பது சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸைத் தமிழ் முஸ்லிம்கள் காரமும் தக்காளியும் போட்டுச் சிவக்க வறுத்தது. தமிழ்நாட்டில் அப்படியொன்று கிடையாது. மீன் தலைக் கறியைக் கோமெஸ் என்ற மலையாளி தொடங்கினார் என்பார்கள். மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காகத் தென்னிந்தியக் குழம்பில் தலையைப் போட்டார். இன்று அது ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலையோடு வரும் பெரிய உணவகச் சாப்பாடு.

அந்த உணவகம் என்ற மேல்தட்டுக்கு வருவோம், ஏனென்றால் எந்தப் பர்ஸும் என்றால் பெரிய பர்ஸும் சேர்த்திதானே. உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். முதலாவது 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இரண்டாவது 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வரி, சேவைக் கட்டணத்தின் மேலும் ஏறுவதால் 100 வெள்ளிச் சாப்பாடு 119 வெள்ளி 90 காசாக முடியும். ஆண்டு வருமானம் ஒரு மில்லியன் வெள்ளிக்குக் கீழே உள்ள வியாபாரம் இந்த வரிக்குப் பதிய வேண்டியதில்லை என்பதால், உணவங்காடிக் கடையில் சொன்ன விலைதான் கொடுக்கும் விலை. என்னைக் கேட்டால் இந்த ஊரில் காசுக்கு மதிப்பே இல்லாதது நடுவாந்தர விலை. கடைத்தொகுதிக்குள் இருக்கும் சங்கிலி உணவகங்களில் ஒருவருக்கு முப்பது நாற்பது வெள்ளி ஆகும். அதில் பெரும்பங்கு குளிரூட்டிக்கும் கடைத்தொகுதி வாடகைக்கும் போகிறது. நாக்குக்குக் கிடைப்பது கீழ்த்தளத்துக் கடையில் எட்டு வெள்ளிக்குக் கிடைப்பதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் காசை மிச்சம் பிடித்து, எப்போதாவது உண்மையிலேயே மேலான ஓர் இடத்துக்குப் போகலாம். ஒடெட், லெஸ் அமீஸ் போன்ற மூன்று நட்சத்திர உணவகங்களிலும் மதிய விருந்து இரவைவிடக் குறைச்சல். அவ்வளவு வேண்டாம் என்றால் நாலு பேர் சேர்ந்து ஒரு மீன் தலை. அதுவும் வேண்டாம் என்றால் 1947-லிருந்து சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாஸில் இலைச் சாப்பாடு. தினசரிக்கு உணவங்காடி, விசேஷத்துக்கு நல்ல உணவகம், நடுவில் இருப்பதைத் தாண்டிப் போய்விடுவது என்பது என் கணக்கு. நண்பர்களோடு மணிக்கணக்காக உட்கார்ந்து பேச நடுவாந்தர இடம்தான் வசதி என்பவர்கள் உண்டு. நாற்காலிக்கு வாடகை கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனி, எளிதில் தள்ளிவிட முடியாத ஆட்சேபங்கள். பாங்காக்கிலும் சென்னையிலும் அரசு கட்டடம் கட்டாமலே தெருவில் மலிவாகச் சாப்பிடலாமே என்று கேட்கலாம். சாப்பிடலாம், அங்கே கூலியும் மலிவு, சுற்றுவட்டாரத்திலேயே காயும் அரிசியும் விளைகின்றன. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது, கூலியும் குறைவில்லை. மற்ற எல்லாம் விலை உயர்ந்த ஊரில் குறைக்க முடிந்தது இடத்தின் விலை ஒன்றுதான். பணக்கார நகரங்கள் பார்த்துக் கற்க வேண்டியது பாங்காக்கிடம் இல்லை என்பதும் அதனால்தான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், இந்த மலிவுக்கு விலை கொடுப்பவர் கடைக்காரர்தான் என்பது. இதை நான் மறுக்கப்போவதில்லை. கடைக்காரர்களின் இடைநிலை வயது 60-ஐ ஒட்டி இருக்கிறது. விடியுமுன் அடுப்பு மூட்டி, எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, எண்ணெய்ப் புகையில் நாள் முழுக்க நிற்கும் வேலை. பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், பிள்ளைகள் குளிரூட்டிய அலுவலகத்துக்குப் போனார்கள். யாரும் தப்புச் செய்யவில்லை. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மானுடத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது ஊரே கொண்டாடியது. ஆனால் மீ விலை 50 காசு ஏறினால் அதே ஊர்தான் முகம் சுளிக்கிறது. 18 வெள்ளி ராமெனுக்கு இரண்டு கூட்டல் குறியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருபவர்கள், ஐந்து வெள்ளி வான்டன் மீயைப் பார்த்துக் காலம் கெட்டுப்போச்சு என்பார்கள். சீனர் சமைத்தால், மலாய்க்காரர் சமைத்தால், தமிழர் சமைத்தால் அது மலிவாகத்தான் இருக்க வேண்டும், ஜப்பானியர் சமைத்தால் கலை என்று நமக்குள் ஒரு நினைப்பு ஊறிக்கிடக்கிறது.

அதனால் விலை ஏறட்டும் என்பதுதான் என் நிலை. ஏறினால் ஏழை என்ன செய்வார்? நியாயமான கேள்வி, அதற்கு வழியும் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2024 ஜனவரியில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் 500 வெள்ளி சமூக மேம்பாட்டு மன்ற (சிடிசி) பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். பாதியைப் பேரங்காடியில் செலவழிக்கலாம், பாதியை உணவங்காடியிலும் பேட்டைக் கடைகளிலும்தான் செலவழிக்க வேண்டும். வாங்குபவர் கையில் காசு, விற்பவருக்கு முழு விலை. எல்லோருக்கும் ஒரே தொகை என்பதை மாற்றிக் குறைந்த வருமானக்காரருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் கூடவே இன்னொரு வழியையும் அரசு பிடித்திருக்கிறது: புதிய உணவங்காடிகளும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் வாடகைக்கு இருக்கும் காப்பிக்கடைகளும் மூன்று, மூன்றரை வெள்ளிக்குள் ஏதாவது ஒரு சாப்பாடு விற்க வேண்டும் என்ற நிபந்தனை. கேட்க நன்றாக இருக்கிறது. அந்தக் குறைந்த விலைத் தட்டின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? சமைப்பவர் தலையில். கருணை காட்டுவதென்றால் நிலச் சொந்தக்காரர் வாடகையில் காட்டட்டும். அடுப்படியில் நிற்பவரின் பையிலிருந்து எடுத்துக் காட்டுவதை நான் கருணைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அது சரி என்றே நினைக்கிறேன். எந்தப் பர்ஸும் என்கிறோமே, அதில் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டு, வங்கதேசத் தொழிலாளர்களின் பர்ஸ் இருக்கிறதா? நாளுக்கு 17 வெள்ளி என்றால் மாதம் 510. சம்பளம் ஆயிரம் வெள்ளிக்குள் வாங்கி, அதில் ஊருக்கும் அனுப்பி, ஏஜெண்டுக் கடனையும் அடைக்கும் ஒருவருக்கு அது எட்டாத கணக்கு. அவர்களில் பலர் மாதக் கட்டணத்துக்குக் கேட்டரிங் சாப்பாடு எடுக்கிறார்கள். விடியற்காலையில் பொட்டலமாக வரும்; சோறு ஒரு பை, குழம்பு ஒரு பை. லாரியில் கூடவே போய், வெயிலில் காத்திருந்து, மதியம் பிரிக்கும்போது பல நாள் வாடை வந்துவிடும். நாலு வெள்ளித் தட்டு இந்த ஊரில் வீடும் குடியுரிமையும் உள்ளவர்களை மனத்தில் வைத்து வடிவமைத்த தட்டு. பெரும்பாலான விடுதிகள் ஊர் ஓரத்தில் இருக்கின்றன; உணவங்காடி அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் கூட்டம் நெரிவதற்கு வாரத்தில் அன்று ஒரு நாள்தான் சூடான சாப்பாட்டுக்கு அவர்களால் நடந்து போக முடிகிறது என்பதும் ஒரு காரணம்.

ஆனால் இந்த ஓட்டையும் நான் சொல்லும் வாதத்துக்குள்ளேதான் விழுகிறது. அந்தத் தொழிலாளிக்கு நல்ல சாப்பாடு கிடைக்காததற்குச் சமையல் விலை மட்டும் காரணம் இல்லை. அவர் இருக்கும் இடத்தில் யாரும் மலிவு வாடகைக்கு அடுப்படி கட்டவில்லை. 1971-ல் அடுக்குமாடிகளுக்குச் செய்ததை விடுதிகளின் வாசலில் செய்யலாம். தண்ணீர், மின்சாரம், கூரை, 320 வெள்ளி வாடகை. தஞ்சாவூர்ச் சாம்பாரும் டாக்கா பருப்பும் விற்க ஆள் வருவார்கள். எண்ணிக்கை இருக்கிற இடத்தில் மூன்று வெள்ளிக்கும் கட்டுப்படியாகும்.

சமைக்க ஆள் எங்கே என்பது அடுத்த கேள்வி. 2024 வரை உணவங்காடிக் கடையில் உதவியாளாகக்கூடக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே இருக்கலாம் என்ற விதி இருந்தது. 2025 ஜனவரி முதல் நீண்டகால வருகை அனுமதி பிளஸ் உள்ளவர்களை, அதாவது பெரும்பாலும் சிங்கப்பூரர்களை மணந்து வந்தவர்களை, உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். தனியார் காப்பிக்கடைகளில் மலேசியர்களும் மற்றவர்களும் பல வருடமாக நூடுல்ஸ் வறுக்கிறார்கள், ருசி கெட்டுப்போனதாகப் புகார் இல்லை. மரபு அழிந்துவிடும் என்று பயப்படுபவர்கள் மீ கோரெங்கை முதலில் வறுத்தவர்கள் எங்கிருந்து கப்பலேறி வந்தார்கள் என்று யோசிக்கலாம். உதவியாளரை அனுமதித்தால் போதாது, சில வருடம் நின்று பழகியவருக்குக் கடையையும் கொடுக்க வேண்டும். இப்போதைய ஏலத்தில் அதிக வாடகை எழுதிக் கொடுப்பவருக்கே கடை. 30 வருடம் பரோட்டா தட்டியவரும், நேற்று ஆசைப்பட்டு 10,158 என்று எழுதியவரும் அதில் ஒன்றுதான். என்ன சமைப்பார், என்ன விலைக்கு விற்பார், எத்தனை வருடம் அடுப்பில் நின்றிருக்கிறார் என்று பார்த்துக் கடையைக் கொடுக்கத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தால் முடியும். இடம் அதனுடையது.